பாம்பும் காசும்

விளையாட்டு என்றாலே மகிழ்ச்சி என்று கொள்வது பொதுவழக்கு. ஓடியாடும் விளையாட்டாயினும் உட்கார்ந்து ஆடும் விளையாட்டாயினும் அதன் பயன் களிப்பே என்று பாடநூல்களும் கூறும். ஆயினும் அஞ்சுவதற்கென்றே ஆடப்பெறும் ஆட்டங்களும் சில உண்டு. அவற்றில் தோற்றவன் அழுவதில்லை; வென்றவன் சிரிப்பதுமில்லை. ஆடி முடித்தபின் விளக்கை அணைக்கத்தான் எவருக்கும் மனம் வருவதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் இத்தகைய ஆட்டங்கள் இரண்டினை அறிந்திருந்தனர். ஒன்று, முன்னோரோடு கப்பலேறி வந்த பரமபதம். மற்றொன்று, பள்ளி விடுதியில் தோழர் வழியாகத் தொற்றிக்கொண்டது. அதற்குத் தமிழில் பெயரே அமையவில்லை. ‘ஸ்பிரிட் ஆப் தி காயின்’ என்று ஆங்கிலத்திலேயே அதனைச் சொன்னார்கள். காசுப்பேய் ஆட்டம் என்று இங்கே வைத்துக்கொள்ளலாம்.

முன்னதை முதியவர்கள் தாமே விரித்து வைத்துப் பிள்ளைகளை அழைத்து ஆடினார்கள். பின்னதைக் கண்ட இடத்தில் கிழித்தெறிந்தார்கள். இரண்டும் அச்சத்தின் ஆட்டங்களாகவே இருக்க, ஒன்றுக்கு விளக்கொளியும் மற்றொன்றுக்குப் பிரம்படியும் கிடைத்தது ஏன் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

பரமபதத்தை இன்று பாம்பு ஏணி ஆட்டமாக மட்டுமே அறிந்தவர்கள், அதனை அச்சத்தின் ஆட்டம் என்றால் நகைக்கக்கூடும். பழைய பரமபதப் படத்தை விரித்துப் பார்த்தவர் நகைக்கமாட்டார். அதன் அடித்தளத்தில் நரகமும் இழிந்த பிறவிகளும் இருக்கும். மேலே செல்லச் செல்ல மானிட நிலையும் தவமும் தேவருலகங்களும் வரும். உச்சியில் திருமால் வீற்றிருக்கும் பரமபதம். இடையே கிடப்பவை வெறும் பாம்புகள் அல்ல. காமம், வெகுளி, பொய், கொலை முதலிய தீமைகளின் பெயர்களையோ அசுரர்களின் பெயர்களையோ அவை தாங்கியிருக்கும். ஏணிகள் ஈகை, பத்தி முதலிய நற்குணங்கள். ஏணிகளைவிடப் பாம்புகளே மிகுதியாகக் காணப்படும் படங்கள் பல. அவற்றை வரைந்தவர்களுக்கு மனித இயல்பைப் பற்றி மயக்கம் ஏதும் இருக்கவில்லை போலும்! எல்லாவற்றிலும் கொடியது, உச்சிக்கு மிக அருகில் வாய்பிளந்து கிடக்கும் நெடும்பாம்பு. அதன் வால் அடிக்கட்டம் வரை இறங்கியிருக்கும். வைகுந்த வாசலைக் கண்ணால் கண்டுவிட்டவன்தான் அதன் வாயில் விழுவான். எல்லாம் முடிந்தது என்று எண்ணும் வேளையில் வரும் வீழ்ச்சியைவிட அஞ்சத் தக்கது வேறு எது?

இவ்வாட்டம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. வடநாட்டில் ‘ஞான சௌபட்’ என்னும் பெயரில் சமணரும் வைணவரும் பிறரும் தத்தம் சமயக் கருத்துகளைக் கட்டங்களில் எழுதி ஆடினர். 72 கட்டம், 84 கட்டம், 124 கட்டம் என அவை பலவகைப்படும். இன்று எஞ்சியுள்ள படங்களில் பழையவை 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. புராணங்களை ஆராய்ந்த அறிஞர் பார்ஜிட்டர், 1916இல் இலண்டன் ஆசியக் கழக இதழில் இவ்வாட்டத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு அவர் இட்ட தலைப்பு ‘சுவர்க்கமா, நரகமா’ என்னும் பொருள்படுவது. ஆட்டத்தின் உயிர்நிலையை அவர் சரியாகவே பிடித்துக்கொண்டார் எனலாம்.

வைகுண்ட ஏகாதசி இரவில் உறங்காது விழித்திருப்பதற்குப் பரமபதம் ஆடுவது தமிழ்நாட்டு வழக்கம். மார்கழிக் குளிரில் கண் சொருகாமல் இருக்க அச்சத்தைப்போல் உதவுவது வேறொன்றில்லை என்று கண்டவர் யாரோ, அவர் கூரிய அறிவினர். கிள்ளான் நகரில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த சுந்தரராஜப் பெருமாள் கோயில், இந்நாட்டு வைணவர்களுக்குத் தலைமைத் திருத்தலமாக விளங்குவது. தென்கிழக்காசியாவின் திருப்பதி என்று அதனைப் போற்றுவோரும் உளர். அங்கே சொர்க்கவாசல் திறப்பைக் காணக் காத்திருந்த இரவுகளில் தாயக்கட்டையை உருட்டும் வழக்கத்தை மறவாத குடும்பங்களும் இருந்தன.

தமிழ்நாட்டில் குறியீடாக இருந்தது தோட்டப்புறத்தில் குறியீடாக மட்டும் நிற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஈரப்புல்லை மிதித்துப் பால்மரக் காட்டுக்குள் நுழைந்தவர்களுக்குப் பாம்பு என்பது படத்தில் வரைந்த தீமையன்று; காலடியில் கிடப்பது. பின்னாளில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது எலிகள் பெருகின; எலிகளைத் தேடி நாகங்களும் வந்தன. ஏணியும் அப்படித்தான். முதிர்ந்த மரங்களில் கீழ்ப்பட்டை தேய்ந்துபோனால், ஏணி சாத்தி ஏறி மேற்பட்டையைச் சீவினார்கள். பகலெல்லாம் ஏணியில் ஏறிப் பாம்புக்கு அஞ்சியவர்கள் இரவில் அமர்ந்து அதனையே விளையாட்டாக ஆடினார்கள் என்றால், அதில் அவர்கள் கண்ட ஆறுதல் என்னவாக இருந்திருக்கும்? பகலில் விழுந்தால் எலும்பு முறியும். இரவில் விழுந்தால் மீண்டும் கட்டையை உருட்டலாம்.

பரமபதத்தின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது. அது பிள்ளையை அச்சுறுத்தியது உண்மை. ஆனால் அச்சத்திற்கு ஒரு பெயரைக் கொடுத்தது; காரணத்தைக் கொடுத்தது; மீண்டெழ வழியையும் கொடுத்தது. ‘பாம்பு கடித்துவிட்டது’ என்று பேரன் முகம் வாடினால், அந்தப் பாம்பு யார், அவன் என்ன செய்தான், ஏன் வீழ்ந்தான் என்று பாட்டி கதை சொல்லத் தொடங்குவாள். கதை முடிவதற்குள் பேரனின் முறை மறுபடி வந்துவிடும். அஞ்சுகின்ற பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் அமர்ந்திருந்தார் என்பதே அந்த ஆட்டத்தின் எழுதப்படாத விதி.

பாம்பின் நஞ்சு பிடுங்கப்பட்ட வரலாறு சுவையானது. 1890களில் இவ்வாட்டம் இங்கிலாந்தில் வணிகப் பொருளாக அச்சாகி விற்பனைக்கு வந்தது. வைகுந்தமும் மறுபிறவியும் மறைந்தன. விக்டோரியா காலத்து நல்லொழுக்கம் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. சிக்கனம், உழைப்பு, மனம் வருந்துதல் ஆகியவை ஏணிகளாயின. சோம்பல், கீழ்ப்படியாமை, சுகபோகம் ஆகியவை பாம்புகளாகி நோய்க்கும் இழிவுக்கும் வறுமைக்கும் இறக்கிவிட்டன. பாம்பும் ஏணியும் எண்ணிக்கையில் சமமாக்கப்பட்டன. ஆங்கிலேயப் பிள்ளைகள் இந்தியப் பிள்ளைகளைவிட நல்லவர்கள் என்று எண்ணினார்களோ என்னவோ! பிறகு அமெரிக்காவில் மில்டன் பிராட்லி நிறுவனம் 1943இல் அதனை வெளியிட்டபோது, குழந்தைகள் பாம்பைக் கண்டு அஞ்சுவார்கள் என்று கருதிப் பாம்புகளையே நீக்கிவிட்டது. அவ்விடத்தில் பூங்காவில் இருக்கும் சறுக்குமரங்கள் வந்தன. நரகத்திற்கு இறங்கிய வழி, பிள்ளைகள் சிரித்துக்கொண்டே சறுக்கும் வழியாயிற்று.

மலேசியப் பள்ளிகளுக்கு அருகிலிருந்த கடைகளில் அது ‘டாம் உலார்’ என்னும் மலாய்ப் பெயரோடு மெல்லிய தாளில் விற்கப்பட்டது. மறுபக்கத்தில் டாம் ஹாஜி ஆட்டக் கட்டங்கள் இருக்கும். பாம்புகள் திரும்பி வந்திருந்தன. ஆனால் அவை வண்ணப் பாம்புகள். எந்தப் பாம்புக்கும் பெயரில்லை. கடித்தால் இறங்க வேண்டும், அவ்வளவே. பெயர் போனதும் பாட்டியின் கதையும் போயிற்று. கதை போனதும் பாட்டி அங்கே அமர்ந்திருக்க வேண்டிய தேவையும் இல்லாது போயிற்று. பிள்ளைகள் தனியே ஆடினார்கள்.

இதற்கு நேர் எதிரான பயணத்தைச் செய்த பலகை ஒன்று மேல்நாட்டில் தோன்றியது. அது ‘வீஜா’ பலகை. தமிழர் நாவில் ‘ஓஜா போர்டு’. 1848இல் நியூயார்க் மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் பாக்ஸ் சகோதரியர் ஆவிகளின் தட்டொலியைக் கேட்டதாகச் சொன்ன நாள்முதல், அமெரிக்காவில் இறந்தோருடன் பேசும் ஆசை பெருகியது. உள்நாட்டுப் போரில் மக்களை இழந்த தாய்மார்களுக்கு அந்த ஆசை இயல்பானதே. பால்டிமோர் நகரத்து வணிகர் சிலர் இதில் ஊதியம் கண்டனர். எழுத்துகளும் எண்களும் ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் சொற்களும் பொறித்த பலகை, அதன்மேல் நகரும் சிறு முக்காலி ஆகியவற்றிற்கு 1891 பிப்ரவரியில் எலைஜா பாண்டு என்பவர் பெயரில் காப்புரிமை கிடைத்தது. ‘ஆம்’ என்பதற்குரிய பிரெஞ்சுச் சொல்லையும் ஜெர்மன் சொல்லையும் ஒட்டவைத்த பெயரே ‘வீஜா’ என்று பலர் நம்புகின்றனர். பெயரைப் பலகையே சொன்னது என்பதுதான் வணிகர்கள் பரப்பிய கதை.

இதில் வியப்பு என்னவெனில், ஏறத்தாழ எண்பது ஆண்டுக்காலம் அப்பலகையைக் கண்டு பெரும்பாலோர் அஞ்சவில்லை என்பதே. சமயத் தலைவர்களிற் சிலர் கண்டித்தனர்; பொதுமக்கள் அதனைக் குடும்பக் கேளிக்கையாகவே கொண்டனர். 1920இல் ஓவியர் நார்மன் ராக்வெல் புகழ்பெற்ற வார இதழொன்றின் அட்டைக்கு ஓர் ஆணும் பெண்ணும் முழங்கால் முட்ட அமர்ந்து அப்பலகையில் விரல் வைத்திருக்கும் காட்சியைத் தீட்டினார். பார்ப்பவருக்குப் பேய் நினைவு வராது. காதல்தான் நினைவுக்கு வரும். 1966இல் பார்க்கர் சகோதரர் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கியது. அந்நிறுவனம் பிறந்த ஊர் சேலம். 1692இல் சூனியக்காரிகள் என்று குற்றஞ்சாட்டிப் பலரைத் தூக்கிலிட்ட அதே மாசசூசெட்ஸ் சேலம். அடுத்த ஆண்டிலேயே இருபது இலட்சம் பலகைகள் விற்றன. ‘மோனோப்பொலி’ ஆட்டத்தையே அது முந்தியது.

பின்னர் 1973 திசம்பரில் ‘தி எக்சார்சிஸ்ட்’ திரைப்படம் வந்தது. அதில் வரும் சிறுமி தனியே வீஜா பலகையை ஆடுகிறாள். பிறகு அவளைப் பேய் பிடிக்கிறது. அத்தோடு பலகையின் சாதகமே மாறிவிட்டது. பலகை மாறவில்லை, எழுத்தும் முக்காலியும் மாறவில்லை. பார்க்கும் கண்கள் மாறின. பொம்மைக் கடையில் வாங்கிய பொருளைத் தோட்டத்தில் புதைப்பதும் நெருப்பிலிடுவதும் வழக்கமாயின. நஞ்சோடு பிறந்த பாம்பு பொம்மையாயிற்று. பொம்மையாகப் பிறந்த பலகைக்கு நஞ்சு ஏறிற்று.

கிள்ளான் பள்ளத்தாக்கின் பிள்ளைகளுக்கு அந்தப் பலகையை வாங்கக் காசில்லை. அதற்கு மாற்றாகக் காசையே எடுத்துக்கொண்டார்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இடைநிலைப்பள்ளி மாணவரிடையே, சிறப்பாக விடுதிகளில், இவ்வாட்டம் பரவியிருந்தது. பயிற்சிப் புத்தகத்தின் நடுத்தாள் ஒன்று போதும். அதில் ரோமன் எழுத்துகளை வரிசையாகவோ வட்டமாகவோ எழுதுவார்கள். எண்கள், ‘ஆம்’, ‘இல்லை’, நடுவில் அல்லது ஓரத்தில் பேய்க்கு ஒரு ‘வீடு’. வீட்டில் காசை வைத்து, மூவர் நால்வர் ஆளுக்கொரு விரலை அதன்மேல் மெல்லத் தொட்டு, காசின் ஆவியை வரும்படி அழைப்பார்கள். விரலை இடையில் எடுக்கக் கூடாது. விடைபெறுமுன் ஆவியிடம் இசைவு கேட்க வேண்டும். அது வீட்டுக்குத் திரும்ப மறுத்தால் கேடு. காசு பழையதாக இருந்தால் நல்லது என்பது ஒரு கட்சி. எதுவானாலும் ஆவி வரும் என்பது மற்றொரு கட்சி.

இவ்வூரின் மண்ணில் இந்த ஆட்டம் வேரூன்றியதில் வியப்பில்லை. சீனப் பிள்ளைகள் சிறுதட்டைக் கவிழ்த்து ஆவியை அழைக்கும் ஆட்டத்தை அறிந்திருந்தார்கள். சீனக் கோயில்களில் மணலில் கோலால் எழுதித் தெய்வ வாக்கு கேட்கும் முறையோ பல நூற்றாண்டுப் பழமை உடையது. மலாய்ப் பிள்ளைகளுக்குப் பொந்தியானாக் என்றால் தெரியும். 1957இல் ‘பொந்தியானாக்’ என்னும் மலாய்ப் படம் மரியா மெனாடோவின் நடிப்பில் வெளிவந்து பெரும் வெற்றி பெற்றது. அதனை இயக்கியவர் பி. என். ராவ் என்னும் இந்தியர். தமிழ்ப் பிள்ளைகளுக்கு முனியாண்டியும் தோட்டத்து எல்லையில் நிற்கும் மரங்களும் போதுமானவை. மூவினத்துப் பேய்களும் ஒரே விடுதியில் குடியிருந்தன. ஒற்றுமைக்கு அவற்றிடம் குறையில்லை.

ஒரு செய்தி தமிழாசிரியர்களுக்குச் சுவையாக இருக்கும். எந்தப் பேய் வந்தாலும் அது மலாயிலோ ஆங்கிலத்திலோதான் எழுத்துக்கூட்டிப் பேசியது. இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளை ஒரு தாளில் வட்டமிட யாருக்குப் பொறுமை இருக்கும்? ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் படித்து, புகுமுக வகுப்பில் மலாய் பயின்று, இடைநிலைப்பள்ளிக்கு வந்த பிள்ளை, இறந்துபோன தன் தாத்தாவை அழைக்கிறது. தோட்டத்தில் கைநாட்டு வைத்துச் சம்பளம் வாங்கிய அந்தத் தாத்தா, ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் பேரனின் தேர்வைப் பற்றிச் சொல்கிறார். இதில் ஐயம் எழவேண்டிய இடம் ஒன்று உண்டு. அச்சம் அந்த ஐயத்தை எழவிடவில்லை.

அறிவியலார் இதற்கு விடை கண்டு நெடுங்காலமாயிற்று. 1852இல் கார்ப்பெண்டர் என்னும் ஆங்கிலேய மருத்துவ அறிஞர், மனத்தில் எழும் எதிர்பார்ப்பே உடையவன் அறியாமல் தசைகளைச் சிறிதளவு அசைக்கும் என்று விளக்கினார். மறு ஆண்டு மைக்கேல் பாரடே, ஆவிகள் மேசையைச் சுழற்றுவதாகச் சொல்லப்பட்ட அவைகளில் மேசையைத் தள்ளுவது அமர்ந்திருப்போரின் கைகளே என்று கருவி வைத்துக் காட்டினார். ஆடுவோரின் கண்ணைக் கட்டி, அவர் அறியாமல் பலகையைத் திருப்பி வைத்தால், ஆவிக்கு எழுத்து மறந்துவிடுகிறது. 1880களில் சப்பானில் இதனையொத்த ‘கொக்குரி’ ஆட்டம் நாடெங்கும் பரவியபோது, இனோவே என்ரியோ என்னும் தத்துவ அறிஞரும் அதனை ஆராய்ந்து இதே முடிவுக்கு வந்தார்.

2012இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒருபடி மேலே சென்றது. ஆம், இல்லை என்று விடையளிக்கக்கூடிய வினாக்களைச் சிலரிடம் கேட்டனர். விடை தெரியாது, குருட்டாம்போக்கில் சொல்கிறோம் என்று அவர்கள் வாயால் கூறிய விடைகள் ஏறத்தாழப் பாதியளவே சரியாக இருந்தன. அத்தகைய வினாக்களுக்கே வீஜா பலகையில் விரல் வைத்தபோது நூற்றுக்கு அறுபத்தைந்து அளவு சரியாக அமைந்தன. ஆக, காசு நகர்வதும் உண்மை. அது சில வேளைகளில் ஆடுபவர் தமக்குத் தெரியாது என்று நினைப்பதைச் சொல்வதும் உண்மை. பேசுவது மட்டும் பேயன்று. ஆடுபவர் உள்ளத்தில் வாய்திறவாது கிடப்பதே விரல்வழி பேசுகிறது.

இதனை மனத்தில் கொண்டு பார்த்தால், அத்தாள்களில் பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்பதே முதன்மையாகிறது. எஸ்.ஆர்.பி. தேர்வில் தேறுவேனா? எஸ்.பி.எம். முடித்தால் வேலை கிடைக்குமா? அவன் என்னை நினைக்கிறானா? அப்பா குடியை விடுவாரா? தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவந்த காலம் அது. தோட்டத்து வீட்டைவிட்டுப் புறம்போக்கு நிலத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை, ‘அடுத்த ஆண்டு எங்கே இருப்போம்’ என்று ஒரு காசைக் கேட்டது என்றால், அதைக் கேட்க வேறு ஆள் இல்லை என்பதே பொருள்.

பெரியவர்கள் கேள்வியைப் பார்க்கவில்லை; காசைப் பார்த்தார்கள். விடுதிக் காப்பாளர் தாளைக் கிழித்தார். கட்டொழுங்கு ஆசிரியர் பிரம்பை எடுத்தார். வீட்டில் வேப்பிலையும் எலுமிச்சையும் திருநீறும் வந்தன. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் பேய்க்குப் பரிகாரம் தேட எவரும் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோயில், சிறிது தொலைவில் 1894இல் அமைந்த பௌத்த மகாவிகாரை, தமிழ்க் கிறித்தவர்களின் தேவாலயங்கள், சூராவ். சாமியாடுபவரும் பாதிரியாரும் ஓதுபவரும் ஒரே தெருக்கூட்டத்துக்குள் கிடைத்தார்கள். பரிகாரம் பெற்ற பிள்ளைக்கு ஒன்று உறுதியாகத் தெரிந்தது: தன்மேல் ஏதோ ஏறியிருந்தது என்பதைப் பெரியவர்களும் ஒப்புக்கொண்டார்கள். காசு சொன்னபோது அரைகுறையாக நம்பியதை, மந்திரித்த கயிறு முழுதாக நம்பவைத்தது.

பள்ளியினர் அஞ்சியதற்கும் காரணம் உண்டு. ஒருத்தி அலறினால் வகுப்பே அலறும் நிகழ்ச்சிகள் இந்நாட்டில் நெடுநாளாகவே நடந்துவந்தன. பள்ளிகளில் மட்டுமன்று. சுங்கைவே தொழிற்பேட்டையில் அமெரிக்க மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் 1975இல் நாற்பது மலாய்ப் பெண் தொழிலாளரையும், 1978இல் ஏறத்தாழ நூற்றிருபது பெண்களையும் ஆவி பிடித்ததாகச் சொல்லப்பட்டது. இரண்டாம் முறை தொழிற்சாலையை மூன்று நாள் மூடி, போமோ ஒருவரை வரவழைத்து ஆடு வெட்டினார்கள். மானிடவியலறிஞர் ஐவா ஓங் 1987இல் வெளியான தம் நூலில் இதனைப் பதிவு செய்துள்ளார். நாளெல்லாம் நுண்பெருக்கியில் கண்ணைப் பதித்து, எழுந்து செல்லவும் இசைவு கேட்டு நின்ற அந்தப் பெண்கள் வாய்விட்டுச் சொல்ல முடியாததை ஆவியின் வாயால் சொன்னார்கள் என்பது அவர் ஆய்வின் சாரம். ஆடு வெட்டப்பட்டது, நுண்பெருக்கிகள் அப்படியே இருந்தன.

அகப்பாடல்களைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இது புதிய காட்சியன்று. களவொழுக்கத்தில் தலைவி மெலிகிறாள், உணவு செல்லவில்லை, உறக்கமில்லை. தாய் காரணம் அறியாது கலங்குகிறாள். கட்டுவிச்சியை அழைத்து நெல்லை எண்ணிக் குறி கேட்கிறாள். வேலனை அழைக்கிறாள். அவன் கழங்கை உருட்டிப் பார்த்து, இது முருகனால் வந்த அணங்கு என்கிறான். களம் இழைத்து வெறியாடுகிறான், ஆட்டுக்குட்டி பலியாகிறது. நோய்க்குக் காரணம் மலைநாட்டு இளைஞன் ஒருவன் என்பதைத் தோழி அறிவாள்; தலைவி அறிவாள்; கற்போரும் அறிவர். தாய் மட்டும் அறியாள். அவள் மகளைக் கேட்கவில்லை, கழங்கைக் கேட்டாள்.

அந்தக் கழங்கு எது? மகளிர் வீட்டு முற்றத்தில் ஆடிய விளையாட்டுக் காய்தான். நேற்றுவரை அவள் தோழியரோடு எறிந்து பிடித்த அதே காய், இன்று அவள்மேல் தெய்வம் ஏறியதா என்று தீர்ப்பளிக்கிறது. ஆடுபொருளே குறிபார்க்கும் பொருளாவதும், குறிபார்க்கும் பொருளே ஆடுபொருளாவதும் தமிழர்க்கு ஈராயிரம் ஆண்டுப் பழக்கம். வீஜா பலகையைக் கண்டு மேல்நாட்டார் வியக்கலாம். சங்க இலக்கியம் கற்றவர் வியக்க வேண்டியதில்லை. ஆனால் அப்புலவர்கள் தாயை ஏளனம் செய்யவில்லை என்பதையும் நோக்க வேண்டும். அவள் அன்பு குறைந்தவள் அல்லள். கேட்கத் தெரியாதவள், அல்லது கேட்டால் வரும் விடைக்கு அஞ்சியவள். இரவில் தோட்டம் விட்டு வந்து களைத்திருந்த தந்தையரையும், ஐம்பது பிள்ளைகளைக் காக்கும் பொறுப்பைத் தலையில் சுமந்த விடுதிக் காப்பாளர்களையும் அவ்வாறே கொள்வது முறை.

பெரியவர்களும் கேள்விகள் இல்லாதவர்கள் அல்லர் என்பதற்குப் பிரிக்பீல்ட்ஸ் கடைவரிசையின் அஞ்சடியே சான்று. கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் அதே காட்சிதான். சிறு மேசை, கூண்டு, பச்சைக் கிளி, அடுக்கி வைத்த அட்டைகள். கிளி வெளியே வந்து ஓர் அட்டையை அலகால் இழுத்துப் போடும். சோதிடர் படத்தைக் காட்டிப் பலன் சொல்வார். பெண்ணுக்கு வரன் அமையுமா, கடன் தீருமா, பையன் தேறுவானா என்பவை அங்கே கேட்கப்படும் கேள்விகள். பையன் காசிடம் கேட்டதும் அதுதான். ஆயினும் கிளியிடம் கேட்ட தந்தைக்கு யாரும் மந்திரித்துக் கயிறு கட்டவில்லை. ஏனெனில் அது பகலில் நடக்கிறது. எதிரே ஓர் ஆள் அமர்ந்திருக்கிறார். அட்டையில் வந்தது சனியே ஆனாலும் ‘அடுத்த தையில் நல்லது பிறக்கும்’ என்று சொல்லியனுப்ப அவருக்குத் தெரியும். பரமபதத்தில் பாட்டி செய்த வேலையை அவர் கட்டணம் பெற்றுச் செய்கிறார். காசுப்பேய் ஆட்டத்தில் அந்த இடம் காலி. சுற்றியிருந்த நால்வரும் ஒரே வயதினர். நால்வருக்கும் ஒரே அச்சம். ‘தேறமாட்டாய்’ என்று காசு நகர்ந்துவிட்டால், அது பொய் என்றோ, பொய்யில்லையாயினும் இன்னும் மூன்று மாதம் இருக்கிறது என்றோ சொல்ல அங்கே எவரும் இல்லை.

ஆசிரியர்களில் சிலர் வேறுவழி கண்டதும் உண்டு. தாளைக் கிழிக்காமல் வாங்கி வைத்துக்கொண்டு, அறிவியல் பாடவேளையில் அதை மேசைமேல் விரித்து, ஆடியவர்களையே கண்ணைக் கட்டி ஆடச் சொன்னால் போதும். காசு எழுத்தில்லாத இடங்களுக்கெல்லாம் அலையும். வகுப்பு சிரிக்கும். சிரிப்பு எழுந்த அறையில் பேய் தங்குவதில்லை என்பது மந்திரவாதிகளும் அறிந்த உண்மை. அதனால்தான் அவர்கள் எவரையும் சிரிக்க விடுவதில்லை. சிரிப்பு அடங்கியபின் அந்தப் பிள்ளையைத் தனியே அழைத்து, காசிடம் என்ன கேட்டாய் என்று வினவுவது அதனினும் கடினமான வேலை. அதற்குப் பாடவேளை ஒதுக்கப்படுவதில்லை.

காசுப்பேய் ஆட்டத்துக்கு இறுதி விதி ஒன்று இருந்தது. ஆடிய காசைக் கையில் வைத்திருக்கக் கூடாது. உடனே செலவழித்துவிட வேண்டும். 1989இல் மலேசிய அரசு வெளியிட்ட புதிய நாணய வரிசையில் ஐந்து காசில் பம்பரமும் ஐம்பது காசில் வாவ் பட்டமும் இடம்பெற்றன. பத்துக் காசில் பொறிக்கப்பட்டது சொங்காக். தமிழர் பல்லாங்குழி என்று அறியும் குழிப்பலகையின் மலாய் வடிவம். 2012இல் வேறு வரிசை வரும்வரை அவையே புதிதாக அச்சாகி வழங்கின. ஆகவே தொண்ணூறுகளில் பத்துக் காசை எடுத்து ஆவியை அழைத்த பிள்ளைகள், தம் விரலுக்கடியில் ஒரு பழைய விளையாட்டுப் பலகையை வைத்துக்கொண்டே இன்னொரு பலகையில் பேயைத் தேடினார்கள். மறுநாள் காலை அந்தக் காசு பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் வடைக்கு ஈடாகப் போயிற்று. வடை விற்றவர் அதைக் கல்லாவில் எறிந்து, யாருக்கோ மீதிச் சில்லறையாகக் கொடுத்தார். பேருந்து நடத்துநரின் பைக்கும், கோயில் உண்டியலுக்கும், அஞ்சடியில் கிளி சோதிடரின் தட்டுக்கும் அது போய்ச் சேர்ந்திருக்கும். எவரும் அதை வாங்க மறுக்கவில்லை.